தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம்?

போன மாதம் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது "நான் குரோம்பேட்டைக்காரி" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான், இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குரோம்பேட்டையைப் பற்றித்தான். வாடகை கேட்கிறார்கள், தண்ணீர் கேட்கிறார்கள், ஊர்ப் பெயர் கேட்கிறார்கள், ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். சரி, இந்த மாதம் முழுக்க எங்கள் ஊர்தான். ஊறுகாய் பூசணம் பிடிப்பது பற்றிக் கேட்ட மூன்று பேரும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள், அதுவரை ஈரக் கரண்டி போடாதீர்கள்.

கேள்வி: என் மகளுக்குக் கிண்டியில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கேயே வீடு பார்த்தால் வாடகை கட்டுப்படியாகவில்லை. குரோம்பேட்டையில் பாருங்கள், ரயிலில் போய்விடலாம் என்கிறார்கள். பெண் பிள்ளையைத் தனியாக விடலாமா அக்கா? எந்த ஏரியா நல்ல ஏரியா?
*வாசகி, திருச்சி*

விடலாம். குரோம்பேட்டையில் ஏறினால் பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, அதற்கடுத்தது கிண்டி. அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். காலையில் தாம்பரத்திலிருந்தே நிரம்பி வருகிற வண்டியில் உட்கார இடம் கிடைக்கும் என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். பெண்கள் பெட்டி உண்டு, அங்கேயும் நின்றுகொண்டுதான் போக வேண்டியிருக்கும். கொஞ்ச நாளில் அவளுக்கே ஒரு கூட்டம் சேர்ந்துவிடும், ஒருத்தி டிபன் பாக்ஸைத் திறந்தால் நாலு கை நீளும்.

நல்ல ஏரியா எது என்று கேட்டால், அதற்கு முன்னால் வேறு ஒன்று கேட்க வேண்டும்: தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம்? இந்த ஊரை வடக்கு தெற்காக இரண்டு கோடு கிழித்துக்கொண்டு போகிறது. ஒன்று ரயில் பாதை, இன்னொன்று அதன் பக்கத்திலேயே போகிற ஜி.எஸ்.டி. ரோடு. (வரிக்கு அந்தப் பெயர் வைப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே எங்களுக்கு ஜி.எஸ்.டி. உண்டு, கிராண்ட் சதர்ன் ட்ரங்க் ரோடு.) கோட்டுக்கு மேற்கே நியூ காலனி, திருநீர்மலை போகிற சாலை, நாகல்கேணி. கிழக்கே ராதா நகர், நேரு நகர், அஸ்தினாபுரம், அப்படியே போனால் சிட்லபாக்கம். ஆஸ்பத்திரி, பெரிய துணிக்கடை, பஸ் எல்லாம் ஜி.எஸ்.டி. ரோட்டில். கிழக்கே இருப்பவர்கள் எது வேண்டுமென்றாலும் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும். அந்தத் தாண்டல்தான் இந்த ஊர் வாழ்க்கை. "கேட் போட்டுட்டான்" என்ற ஒரு வாக்கியத்துக்கு ஆபீஸ் தாமதம், ஸ்கூல் தாமதம், முகூர்த்தம் தவறியது எல்லாவற்றையும் மன்னிக்கிற ஊர் இது. ராதா நகர் கேட்டுக்குப் பதிலாகச் சுரங்கப்பாதை என்று ஆரம்பித்த வேலை பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது. பள்ளம் தோண்டியபோது எல்.கே.ஜி.யில் இருந்த எதிர்வீட்டுப் பையன் அந்தப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டே பிளஸ் டூ வரை வந்துவிட்டான்.

ஆகவே உங்கள் மகளுக்கு நான் சொல்வது, ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் வீடு. எந்தப் பக்கமானாலும் பரவாயில்லை, ரயிலுக்குப் போக நடை மேம்பாலம் இருக்கிறது. அஸ்தினாபுரம், சிட்லபாக்கம் உள்ளே தள்ளிப் போனால் வாடகை குறையும், ஆனால் தினமும் ஷேர் ஆட்டோவுக்கு நிற்க வேண்டும், மழை நாளில் அதுவும் வராது. பகலில் ஒரு தடவை வீட்டைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். இரவு ஒன்பதரை மணிக்கு ஸ்டேஷனில் இறங்கி அந்த வீட்டுக்கு நடந்து பாருங்கள், நீங்களும் அவளும் சேர்ந்து. எந்த மூலையில் விளக்கு எரியவில்லை, எந்தத் திருப்பத்தில் நாலு நாய் படுத்திருக்கிறது, எந்தக் கடை பத்து மணி வரை திறந்திருக்கிறது என்று அந்த நடையிலேயே தெரிந்துவிடும். ஸ்டேஷனைச் சுற்றி பூக்கடை, பழக்கடை, டிபன் கடை என்று ராத்திரி பத்து மணிக்கும் நடமாட்டம் இருக்கும், அது பெரிய தைரியம்.

அட்வான்ஸ் பத்து மாதம் கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கிற வாடகைச் சட்டத்தில், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அந்த "எழுதிக்கொள்ளாவிட்டால்" என்பதில்தான் புரோக்கர்களின் பிழைப்பு நடக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பாருங்கள், பேரம் பேசுங்கள், பத்து கேட்டவர் ஐந்துக்கு வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: சைதாப்பேட்டை, ராயப்பேட்டை எல்லாம் சரி. அது என்ன குரோம்பேட்டை? எங்கள் ஊரிலும்தான் தோல் பதனிடுகிறார்கள், எங்களுக்கு யாரும் இப்படிப் பெயர் வைக்கவில்லையே?
*வாசகர், திண்டுக்கல்*

பாதிப் பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். தோல்தான். போன நூற்றாண்டின் ஆரம்பத்தில் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் இங்கே நடத்திய குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர் இது. அவர் பெயரில் சேம்பர்ஸ் காலனி என்று ஒன்று இன்றைக்கும் இருக்கிறது. அதற்கு முன்னால் இது ஜமீன் ராயப்பேட்டை. பழைய பத்திரத்தை எடுத்தால் அந்தப் பெயர்தான் கண்ணில் படும்.

உங்கள் ஊரில் பழைய முறை உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் தோலை வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும். குரோமிய உப்பில் போட்டால் ஏறக்குறைய ஒரே நாள் வேலை. ஊறி எழுந்த தோல் வெளிறிய நீல நிறத்தில் இருக்கும், மிருதுவாகவும் சூடு தாங்குவதாகவும் இருக்கும். அந்தக் காலத்தில் அது புதுசு, அதனால் கம்பெனி தன் பெயரிலேயே குரோம் என்று பெருமையாகப் போட்டுக்கொண்டது. தொழிற்சாலை இருக்கிற இடம் குரோம்பேட்டை ஆகிவிட்டது. மற்ற பேட்டைகள் ராஜா பெயரையோ சாமி பெயரையோ வைத்துக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் தனிம வரிசை அட்டவணையில் 24-வது கட்டத்தை வைத்துக்கொண்டிருக்கிறோம். என் பேரனுக்கு அந்த ஒரு அணு எண் மட்டும் மறக்காது.

தோல் தொழில் இப்போதும் பல்லாவரம், நாகல்கேணிப் பக்கம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வருகிற பிள்ளைகளிடம் ஊர்ப் பெயருக்கு அர்த்தம் கேட்டால் "கூகுள் குரோமா பாட்டி?" என்கிறார்கள்.

கேள்வி: குரோம்பேட்டை சென்னையா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லவும்.
*வாசகர், தஞ்சாவூர்*

ஒரே வார்த்தையில் முடியாது. பின்கோடு 600044, அதனால் தபால்காரருக்குச் சென்னை. போனுக்கு 044, அதுவும் சென்னை. மாவட்டம் செங்கல்பட்டு (2019-க்கு முன்பு காஞ்சிபுரம்). நகராட்சி பல்லாவரமாக இருந்தது, 2021-ல் எல்லாவற்றையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கிவிட்டார்கள். சட்டமன்றத்துக்குப் பல்லாவரம், நாடாளுமன்றத்துக்கு ஸ்ரீபெரும்புதூர். கல்யாணப் பத்திரிகையில் சென்னை என்று போடுவோம், சொத்து வரி கட்டுவது தாம்பரத்துக்கு. சென்னை மாநகராட்சிக்குள் மழைக்காகப் பள்ளிக்கு லீவு விட்டால் எங்களுக்கு உண்டா இல்லையா என்று டி.வி.யில் செங்கல்பட்டு பெயர் வரும் வரை பிள்ளைகள் யூனிஃபார்மோடு உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: ஓய்வு பெற்றுவிட்டேன். மகன் சென்னையில் இருப்பதால் அஸ்தினாபுரம், சிட்லபாக்கம் பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கலாம் என்று எண்ணம். தண்ணீர் எப்படி? வெள்ளம் வருமா? பில்டர் "சார், இந்தத் தெருவுக்கு ஒரு சொட்டு வராது" என்கிறார்.
*வாசகர், மதுரை*

இந்தக் கேள்விக்குத்தான் இத்தனை பக்கமும் கேட்டு வாங்கினேன்.

சார், எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சிட்லபாக்கத்தில் ஏரி. செம்பாக்கத்தில் ஏரி. பல்லாவரத்தில் பெரிய ஏரி என்றே ஒரு ஏரி, அதன் நடுவில்தான் துரைப்பாக்கம் போகிற ரேடியல் ரோட்டைப் போட்டார்கள். நாகல்கேணியில் கேணி இருக்கிறது, பழவந்தாங்கலில் தாங்கல் இருக்கிறது, திருநீர்மலையில் நீரே இருக்கிறது. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதாம், வடியும் வரை ஆறு மாதம் காத்திருந்து அப்புறம்தான் பெருமாளைச் சேவித்தார் என்று தல வரலாறு சொல்கிறது. ஒரு ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்குப் போகிற மாதிரி கோர்த்து வைத்த பூமி இது. கோர்த்த நூலில் நாம் வீடு கட்டிவிட்டோம்.

என் கதையைச் சொல்கிறேன். நாங்கள் 1986-ல் வாடகைக்கு வந்தோம், 1996-ல் கிழக்குப் பக்கம் தரைத்தளத்தில் சின்னதாக ஒரு வீடு வாங்கினோம். எங்கள் தெருவை ஒட்டி ஒரு சந்து, அதற்குப் பெயர் ஏரிக்கரைச் சந்து. பத்தொன்பது வருடம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆட்டோக்காரர்களுக்கு வழி சொன்னேன், ஏரி எங்கே என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. 2015 டிசம்பர் ஒன்றாம் தேதி ராத்திரி ஏரி தானே வந்து பதில் சொன்னது. வாசல் வழியாக வரும் என்று நாங்கள் வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தோம், அது முதலில் குளியலறை ஜாலியிலிருந்து கொப்பளித்து வந்தது. சம்ப் மூடி மிதந்தது. இன்வெர்ட்டர் பேட்டரியை என் கணவர் தூக்கிக் கட்டில்மேல் வைத்தார், ஒரு மணி நேரத்தில் கட்டிலே நனைந்தது. மாடி வீட்டில் பதினொரு பேர் மூன்று நாள் இருந்தோம், அவர்கள் ரசம் வைத்தே எங்களைக் காப்பாற்றினார்கள். விமான நிலையமே மூடிக்கிடந்த வாரம் அது, வானத்தில் ஹெலிகாப்டர் சத்தம் மட்டும் கேட்கும். வடிந்த பிறகு சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. சுண்ணாம்பு அடித்தோம், பெயிண்ட் அடித்தோம், அப்படியும் அந்தக் கோடு மெல்ல எட்டிப் பார்த்தது.

சிட்லபாக்கம் ஏரியை அப்புறம் ஊர்க்காரர்கள் விடாமல் மனுப் போட்டு, அரசாங்கமும் பணம் ஒதுக்கி, தூர் வாரி, நடைபாதை போட்டு ஓரளவு ஒழுங்காக்கிவிட்டார்கள், இப்போது சாயங்காலம் நடக்கப் போனால் நீர்க்கோழியெல்லாம் பார்க்கலாம். அதனால் 2015 மாதிரி இனி வராது என்று சொல்லலாமா? நான் சொல்ல மாட்டேன். ஏரியைச் சரிசெய்தாலும், அங்கிருந்து தண்ணீர் வெளியே போகிற கால்வாய் எங்கே என்று தேடினால் பாதி இடத்தில் யாருடைய சமையலறையோ இருக்கிறது.

ஆகவே பில்டர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அந்தத் தெருவில் இஸ்திரி போடுகிறவரிடம் போய் நில்லுங்கள். இஸ்திரி வண்டிக்காரருக்குத் தெரியாத வெள்ளம் இல்லை, 2015-ல் வண்டியை எதுவரை தள்ளிக்கொண்டு போனார் என்று கேளுங்கள். பக்கத்துப் பழைய வீடுகளின் காம்பவுண்டுச் சுவரைப் பாருங்கள். தெருவைவிட வீட்டு வாசல் எத்தனை படி உயரம் என்று எண்ணுங்கள், ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போடுவதால் வருடா வருடம் ஒரு படி தெருவுக்குள் போய்விடும். முடிந்தால் நவம்பரில் வந்து பாருங்கள், சித்திரையில் எல்லாத் தெருவும் நல்ல தெருதான்.

காகிதத்தையும் விடாதீர்கள். மூலப்பத்திரத்திலும் வில்லங்கச் சான்றிலும் இருக்கிற சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு பட்டாவையும் நில வரைபடத்தையும் அரசாங்க இணையதளத்தில் பாருங்கள். பக்கத்துச் சர்வே எண்கள் ஏரி, ஓடை, புறம்போக்கு என்று வந்தால் இரண்டு தடவை யோசியுங்கள். எட்டு வீட்டுக்கு மேல் உள்ள புதுக் கட்டடம் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கேளுங்கள். யூ.டி.எஸ்., அதாவது மனையில் உங்களுக்குரிய பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு என்று சதுர அடியில் எழுதி வாங்குங்கள், நாளைக்குக் கட்டடம் பழசானால் கையில் நிற்பது அந்த மண்தான்.

குடிதண்ணீர் இன்னொரு கதை. குழாயில் வருகிற தண்ணீர் நாள் விட்டு நாளோ, அதற்கும் தள்ளியோ வரும், தெருவுக்குத் தெரு வித்தியாசம். மீதிக்கு போர். போர் தண்ணீர் மேற்கே ஒரு ருசி, கிழக்கே ஒரு ருசி. நாகல்கேணியை ஒட்டிய இடங்களில் தோல் கழிவு நிலத்தடி நீரில் இறங்கிவிட்ட பிரச்சினை பல காலமாக இருக்கிறது, அங்கே போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்காமல் வாயில் வைக்காதீர்கள். ஃபிளாட்டில் குழாயைத் திறந்து ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். மேலே எண்ணெய் மாதிரி ஏடு படர்ந்தாலோ அடியில் செம்மண் மாதிரி தங்கினாலோ தண்ணீரில் இரும்பு இருக்கலாம். சோப்பு நுரைக்கவில்லை, பருப்பு வேகவில்லை என்றால் அது கடினத் தண்ணீர். கோடையில் மாதம் எத்தனை லாரித் தண்ணீர் வாங்கினார்கள் என்று அசோசியேஷன் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்ட மறுத்தால் அதுவே பதில்.

கேள்வி: அப்துல் கலாம் படித்த எம்.ஐ.டி. உங்கள் ஊரில்தானே இருக்கிறது? அமெரிக்காவில் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
*ஒன்பதாம் வகுப்பு மாணவி, தூத்துக்குடி*

சம்பந்தம் இல்லை கண்ணு, இது மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. சி. ராஜம் என்பவர் தன் சொத்தைப் போட்டு 1949-ல் தொடங்கியது. நாடு சுதந்திரம் வாங்கி இரண்டே வருடம், அப்போதே விமானப் பொறியியல், மோட்டார் வாகனம், மின்னணுவியல் எல்லாம் சொல்லித்தர ஆரம்பித்துவிட்டார்கள். கலாம் விமானப் பொறியியல் படித்தார். அவர் சேரும்போது பணம் போதாமல் அக்கா தன் நகையை அடகு வைத்துக் கொடுத்தார்கள். 1978-லிருந்து அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம் இது. ஸ்டேஷனிலிருந்து கிழக்கே நடந்தால் வந்துவிடும். நீ நன்றாகப் படித்து வந்தால் உனக்கு ஒரு வேளை சாப்பாடு எங்கள் வீட்டில், தாண்டி வர வேண்டும் அவ்வளவுதான்.

கேள்வி: 1970-களில் பீச்–தாம்பரம் தடத்தில் வேலை பார்த்தவன். அந்த மீட்டர்கேஜ் மின்ரயிலை இன்னும் யாராவது ஞாபகம் வைத்திருக்கிறார்களா?
*ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், விழுப்புரம்*

நான் வைத்திருக்கிறேன் சார். 1931-ல் ஆரம்பித்த மின்ரயில், 2004-ல் அகலப் பாதையாகும் வரை ஓடியது. பெட்டி அகலம் குறைவு, எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். அதனாலேயோ என்னவோ எதிரில் இருப்பவரோடு பேசாமல் போக முடியாது. என் நாத்தனாருக்கு வரன் அமைந்ததே அப்படி முழங்கால் இடித்த ஒரு மாமியின் மூலமாகத்தான். இப்போது அதே தடத்தில் ஏசி மின்ரயில் வந்துவிட்டது, 2025 ஏப்ரலில் இருந்து. ஒரு நாள் ஆசைக்கு ஏறினேன். குளிர்ச்சியாக, சுத்தமாக இருந்தது. எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மல்லிகைக்காரம்மா அதில் ஏறுவதில்லை.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் பெயர் தாம்பரம் சானடோரியம். 1928-ல் டேவிட் சௌரிமுத்து என்ற டாக்டர் காசநோயாளிகளுக்காகக் கட்டிய மருத்துவமனை அது, சுத்தமான காற்று வேண்டும் என்று ஊரைத் தாண்டி இங்கே வந்து இடம் பார்த்திருக்கிறார். அந்தக் காற்றைத் தேடித்தான் நானும் தினம் மாஸ்க் போட்டுக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் நடக்கிறேன்.

கேள்வி: அக்கா வீட்டுக்கு இரண்டு நாள் வருகிறோம், குரோம்பேட்டையில். பார்க்க என்ன இருக்கிறது? மால் வேண்டாம்.
*வாசகி, சேலம்*

வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வாருங்கள். பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை சந்தை. ஒரு காலத்தில் மாட்டுச் சந்தை, இப்போது செடி, புறா, மீன் தொட்டி, பழைய மிக்ஸி, ஒற்றைச் சக்கரம், யாரோ ஒருவருடைய கல்லூரிப் பட்டமளிப்புப் போட்டோவின் ஃபிரேம், எல்லாம் கிடைக்கும். போன மாதம் ஒரு பித்தளை இட்லிப் பானையைப் பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கினேன், வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றியபோதுதான் பாதி விலைக்குக் காரணம் தெரிந்தது. காலையிலேயே போங்கள், பதினொரு மணிக்கு மேல் நிழல் இல்லை.

மறுநாள் திருநீர்மலை. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலம். மலைமேல் நரசிம்மர் இருந்த கோலம், ரங்கநாதர் கிடந்த கோலம், உலகளந்த பெருமாள் நடந்த கோலம். நான்கையும் ஒரே ஊரில் சேவித்துவிடலாம். பழைய சினிமாவில் காதலர்கள் ஓடிப்போய் மாலை மாற்றிக்கொள்ளும் மலைக்கோயில் பல படங்களில் இதுதான், படி ஏறும்போதே அடையாளம் தெரியும். முருகன் வேண்டும் என்றால் உள்ளூரிலேயே குமரன்குன்றம் இருக்கிறது, அதுவும் படி ஏறித்தான்.

அப்புறம் ஒன்று, பார்க்க எதுவும் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல்காரர் பல்லாவரம் ராணுவ மைதானத்துப் பக்கம் சரளைக் குழியில் ஒரு கல்லை எடுத்தார். பழைய கற்கால மனிதன் செதுக்கிய கருவி. இந்தியாவில் அப்படி முதலில் அடையாளம் காணப்பட்டது அதுதான். அதாவது, லட்சக்கணக்கான வருடங்களுக்கு முன்பே யாரோ ஒருவர் எங்கள் பக்கம் மேட்டு நிலமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

கேள்வி: மெட்ரோ ரயில் குரோம்பேட்டைக்கு வரப்போகிறதாமே, இப்போதே இடம் வாங்கிப் போடலாமா?
*வாசகர், கோயம்புத்தூர்*

விமான நிலையத்தில் நிற்கிற மெட்ரோவைக் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வரை நீட்ட வேண்டும் என்பது திட்டம், சுமார் பதினைந்தரை கிலோமீட்டர். வந்தால் நல்லது. நான் ராதா நகர் சுரங்கப்பாதையைப் பார்த்து வளர்ந்தவள், எனக்கு நம்பிக்கை மெதுவாகத்தான் வரும். குடியிருக்க இடம் வேண்டுமானால் வாங்குங்கள், மெட்ரோவுக்காக வாங்காதீர்கள்.

கேள்வி: நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் ஊரைக் குறை சொல்வதற்கென்றே பேனா எடுத்த மாதிரி இருக்கிறது. நாங்களும் முப்பது வருடமாக இங்கேதான் இருக்கிறோம். அவ்வளவு கஷ்டம் என்றால் ஏன் மாமி விட்டுப் போகவில்லை?
*வாசகி, நேரு நகர், குரோம்பேட்டை*

போனேனே! வெள்ளம் வந்த அடுத்த வருடம் மகன் பிடிவாதமாக அந்த வீட்டை விற்கச் சொன்னான். இவருக்கும் படி ஏறினாலும் பரவாயில்லை, தண்ணீர் ஏறாத வீடு போதும் என்று ஆகிவிட்டது. போரூர் பார்த்தோம், மேடவாக்கம் பார்த்தோம், ஒரு இடத்தில் பதினாலாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் மேகம். கடைசியில் தண்டவாளத்துக்கு மேற்கே நியூ காலனியில் இரண்டாவது மாடிக்கு வந்து சேர்ந்தோம். பழைய வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் இருக்குமா? லாரிக்காரர் சாமான் ஏற்றிவிட்டு, "எந்த ஊருக்கும்மா?" என்று கேட்டார், சொன்னதும் சிரித்தார்.

அந்த ஒன்றரை கிலோமீட்டரில் என்ன மாறிவிட்டது என்கிறீர்களா, வெள்ளம் மாறியது, சரி. மற்றபடி என் தையல்காரர் கிழக்கே. பல் டாக்டர் கிழக்கே. கண்ணாடிக்கு ஸ்க்ரூ போட்டுக் காசு வாங்காத பெரியவர் கிழக்கே. மாவு மில்லுக்கு இங்கேயும் ஒன்று இருக்கிறது, ஒரு தடவை கொடுத்தேன், முந்தின ஆளின் மிளகாய்த்தூள் வாசனையோடு என் கேழ்வரகு திரும்பி வந்தது, அதோடு சரி. இப்போதும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூக்குவாளியோடு ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறி அந்தப் பக்கம்தான் இறங்குகிறேன். பாலத்து நடுவில் கால் வலிக்கும், கொஞ்சம் நிற்பேன். கீழே தாம்பரம் வண்டி போகும், அந்தப் பக்கத்திலிருந்து யாராவது "என்ன மாமி, நின்னுட்டீங்க" என்பார்கள். அதில் நீங்களும் ஒருவராக இருந்திருக்கலாம்.

நேரு நகர் என்றால் நம் மில் உங்களுக்கும் தெரிந்ததுதான். அடுத்த தடவை வரிசையில் நீல மூடி போட்ட எவர்சில்வர் தூக்குவாளியைப் பார்த்தால் அது என்னுடையது, தயவுசெய்து அதற்கு முன்னால் மிளகாய் கொட்டாதீர்கள்.